மழை பெய்தால் வருகிறவர்

திருவனந்தபுரத்தில் மழை வலுத்தால் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர்களும் ஏதாவது கடை வாசலில் ஒதுங்கி நிற்பார்கள். அந்த அக்கா மட்டும் அப்போதுதான் வீட்டை விட்டுக் கிளம்புவார். பஸ் பிடித்து, மேடு ஏறி, எங்கள் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வருவார். அழைப்புமணியை அடிக்க மாட்டார். ஒரு சணல் சாக்கின் மூலையை உள்ளே மடக்கிக் கொங்காணியாகத் தலையில் போட்டிருப்பார். ஆரியசாலை அரிசிக்கடை ஒன்றின் முத்திரை நெற்றிக்கு மேலே பாதி தெரியும். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. முற்றத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முதல் தடவை ஜன்னல் வழியாக இதைப் பார்த்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"யாரோ மழையிலே வந்து ஒக்காந்துண்டிருக்கா பாருடி. புத்தி சரியில்லாதவளா இருக்குமோ?"

அவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். "நாந்தான் மாமி. நீங்க உள்ள இருங்க. மண்ணு என்ன செய்யுதுண்ணு பாத்துட்டுப் போறேன்."

அவருடைய தொழில் வீட்டுத் தோட்டங்களுக்கு மூடாக்குப் போடுவது. மண்ணை மழையும் வெயிலும் நேராகத் தொடாதபடி மரப்பட்டையையும் மரச்சில்லையும் பரப்பி மூடுவது. தொண்ணூறுகளின் கடைசியில் இதை ஒரு வேலையாகச் செய்தவர் எங்கள் ஊரில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. பாறசாலைப் பக்கத்து மரமில்களில் அறுத்துத் தள்ளும் பட்டையை வாங்கி, தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க ஊறவிட்டு, பிறகுதான் கொண்டுவருவார். பச்சைப் பட்டை சூடு பிடித்துச் செடியைக் கொல்லும் என்பார். பட்டை வருவது சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவில். அதை ஓட்டுவது அவருடைய கணவர். அந்த மனிதர் வண்டியை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. மனைவி மூட்டை மூட்டையாக இறக்கும்போது அவர் ஹாண்டில் மேல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். எனக்கு அவர் அக்கா. அம்மாவுக்கு அவர் வெகுநாள் வரைக்கும் "அந்தக் குப்பைக்காரி."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். காலையில் எழுந்ததும் ஈர்க்குத் துடைப்பத்தால் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டால்தான் அவளுக்குப் பொழுது விடியும். பெருக்கின தடம் மண்ணில் வரிவரியாகத் தெரிய வேண்டும். ஒரு இலை கிடக்கக் கூடாது. அப்படிப்பட்டவளிடம் போய், காசு கொடுத்து ஒரு வண்டி பட்டையை வாங்கி முற்றத்தில் கொட்டப் போகிறேன் என்று நான் சொன்னேன்.

சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. அப்பா போன பிறகு நானும் அம்மாவும் ஊருக்கு வெளியே ஒரு மேட்டுச் சரிவில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு வந்தோம். எனக்குத் தம்பானூரில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. வீடு நல்ல வீடு, காற்று நல்ல காற்று. தண்ணீர்தான் கிடையாது. குழாய்த் தண்ணீர் அந்த மேடு ஏறவில்லை, தோண்டினால் பாறை. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது கீழ்வீட்டு சார். ஓய்வு பெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார், தனியாக இருந்தார். காலையில் அவர் தன் கிணற்றில் மோட்டார் போட்டால் ஒரு கறுப்பு ஹோஸ் மதில் ஏறி வந்து எங்கள் டிரம்மை நிரப்பும். அதற்காக அவர் எங்களிடம் எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

ஜூனில் தொடங்குகிற முதல் இடவப்பாதி மழையிலேயே வந்தது வினை. வீடு கட்டும்போது கொத்திப் போட்ட எங்கள் செம்மண் முழுவதும் கரைந்து கீழே இறங்கியது. சாரின் கிணற்றுச் சுவர் பழையது. அதன் இடுக்குகள் வழியாக உள்ளே போய்க் கிணற்றையே சிவப்பாக்கிவிட்டது. அவர் ஆள் வைத்துக் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார். அடுத்த பெருமழையில் மறுபடியும் சிவந்தது. குடை பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் தமிழ் பேசுவது எங்களுக்காக மட்டும்தான்.

"மாமி, எனிக்கு உங்களோட வழக்கு ஒண்ணுமில்ல. பட்சே ஐப்பசி மாசத்து துலாவர்ஷத்துக்கு முன்னாடி ஏதாவது செய்யணும். இனி ஒரு தடவை கிணறு கலங்கினா நான் ஹோஸை எடுத்துருவேன். எனக்கும் குடிக்க வேண்டே?"

அவர் கேட்டதில் ஒரு பிசகும் இல்லை. மண்ணைத் தடுக்கக் கருங்கல் கட்டு கட்டுவது அப்போது எங்களால் ஆகிற காரியம் அல்ல. ஹோஸ் போனால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது? அம்மா ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். அப்பாவின் சேமிப்பெல்லாம் அந்தச் சுவர்களில்தான் இருந்தது.

ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரிதான் இந்த அக்காவைப் பற்றிச் சொன்னாள். அவள் வீடும் சரிவில்தான். "வேலை சுத்தமா இருக்கும். ஒரே ஒரு தொந்தரவு, மழை வந்தா அவளும் வந்துடுவா. எங்காத்துக்காரர் திருடன்னு நெனச்சு ஒலக்கையை எடுத்துண்டு ஓடினார். அவ நிமிர்ந்துகூடப் பாக்கலை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெள்ளம் போற வழியில நிக்கறீங்கன்னாளாம்."

நாங்கள் சொல்லியனுப்பிய அன்றே அக்கா வந்தார். வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். "மழை பெய்யும்போ இந்த முற்றத்தில வெள்ளம் எந்த வழியா போவும்?"

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மழை பெய்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோம். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த வீட்டிலயும் இது தெரியாது மக்கா. மழை வந்தா எல்லாரும் உள்ள ஓடியிருவாங்க. சரி, நான் மழைக்கு வாறேன்."

அப்படி வந்ததுதான் அம்மாவைப் பயமுறுத்திய அந்த வருகை. மழை விடும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஈரத்தோடு சமையலறை வாசலில் நின்று டீ கேட்டார். எங்கள் வீட்டில் டீ கிடையாது என்றேன். "அப்போ காப்பி. சீனி கூட்டிப் போடுங்க" என்றார். கூச்சம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம். இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துக்கொண்டே அம்மாவின் மூட்டுவலி, என் கல்யாணம், சாரின் சமையல் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார்.

ஆவணியில் மழை சற்று ஓய்ந்திருந்தபோது வேலையைத் தொடங்கினார். முதல் நாளே ஒரு அனர்த்தம் செய்தார். களை பிடுங்குகிறேன் என்று அம்மாவின் துளசிக் கன்றுகள் அத்தனையையும் பிடுங்கிக் குவித்துவிட்டார். அக்ரஹாரத்து வீட்டு மாடத்திலிருந்து விதை கொண்டுவந்து அம்மா முளைக்க வைத்திருந்தவை.

"இது துளசியாக்கும். இதுகூடத் தெரியாதா ஒனக்கு?" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது.

"செடி எனக்குத் தெரியாது மாமி. பொய் சொல்லக் கூடாதில்லியா? பூத்தா பூன்னு தெரியும். எனக்குத் தரைதான் தெரியும்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத பதில். ஆனால் அது நிஜம். நந்தியாவட்டை அவருக்கு "அந்த வெள்ளப்பூ", செம்பருத்தி "அந்தச் செவப்பு". அவரைத் தோட்டக்காரி என்று நினைத்து ரோஜாவுக்கு என்ன உரம் போடலாம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நல்லதாப் பாத்துப் போடுங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிடுங்கிய கன்றுகளில் பிழைத்தது ஒன்றே ஒன்று. அம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

தரை மட்டும் அவர் கையில் வேறு மாதிரி ஆனது. சரிவுக்குக் கை அகலப் பட்டைகள், அயினிப் பலா மரத்துடையதும் மாமரத்துடையதும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறிப் பிடித்துக்கொள்ளும்படி அடுக்கினார். சமதளத்துக்குச் சின்னச் சில்லுகள். நாலு விரல் கனத்துக்கு மேல் போக விடமாட்டார். ஒவ்வொரு செடியின் தண்டைச் சுற்றியும் ஒரு கை அகலம் விட்டு வைத்தார். "செடிக்க கழுத்தப் பிடிக்கக் கூடாது" என்பார். வாசல்படிக்கு முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண்ணை மட்டும் மூடாமல் விட்டார்.

"அது மாமிக்கு. கோலம் போடணும்லா?"

அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். மகாராஜா தானம் கொடுத்த நிலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்று நான் பிற்பாடு கேலி செய்வேன். அப்போது கேலி செய்யத் தைரியமில்லை.

மறுநாளிலிருந்து ஒரு மௌன யுத்தம் நடந்தது. அம்மா தனக்கு விட்ட இடத்தைப் பெருக்குவாள். பெருக்கும்போது துடைப்பம் சற்றுத் தள்ளிப் போகும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய் ஜமுக்காளமாகிக்கொண்டிருந்தது. மழை வந்த அன்று அக்கா வந்தார், பார்த்தார், சிரித்தார். "மாமிக்க துடைப்பம் கொஞ்சம் நீளம்" என்று சொல்லிக்கொண்டே காலால் பட்டைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார். அம்மா மறுநாள் மறுபடியும் தொடங்கினாள். பட்டைகளின் மேல் குட்டிக் காளான்கள் வேறு முளைத்தன. அம்மாவுக்கு அது அருவருப்பு. அக்காவுக்கோ அவற்றைக் கண்டால் சொந்தக்காரர்களைப் பார்த்த மகிழ்ச்சி.

ஏன் இப்படி மழையில் அலைகிறார் என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல நான் மரத்தூளுதான் போட்டுட்டு இருந்தேன் மக்கா. பாக்க பாய் விரிச்சது மாதிரி இருக்கும். ஒரு வீட்டில அப்பிடிப் போட்டுட்டு வெயில்ல நின்னு பாத்தேன். நல்ல அழகு. சந்தோசமாப் போயிட்டேன். பெருமழை வந்தப்போ அந்தத் தூளெல்லாம் மெதந்து போயி ஓடையை அடச்சு, வெள்ளம் முழுக்க வீட்டுக்குள்ள கேறிப்போச்சு. பெத்துக் கெடந்த ஒரு பொம்பளப் பிள்ளை அந்த வீட்டில. கைக்குழந்தையத் தூக்கிட்டுக் கட்டிலுமேல நின்னுட்டு இருந்திருக்கா, பாவம். நான் போனது மறுநாளு. ஒருத்தரும் என்னை ஒண்ணும் சொல்லல்ல." சட்டைக்கையால் நெற்றியைத் துடைத்தார். "வெயில்ல நல்லா இருக்க வேலைய நான் நம்புறதில்ல. எனக்க வேலை எப்பிடீன்னு மழைதான் சொல்லணும். சொல்லும்போ நான் பக்கத்தில நிக்கண்டாமா?"

புரட்டாசி கடைசியில் நவராத்திரி வந்தது. புது வீட்டில் எங்கள் முதல் கொலு. அக்ரஹாரத்தில் வைத்த மாதிரியே ஐந்து படி. மரப்பெட்டிகளுக்கு மேல் பலகைகளைப் போட்டு, வெள்ளை வேஷ்டி விரித்து, பொம்மைகளை அடுக்கினாள் அம்மா. பழைய தெருவிலிருந்து இரண்டு மாமிகள் பஸ் ஏறி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அன்று காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போதே அம்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் தம்பானூரில் பஸ் ஏறும்போது கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது. துலாவர்ஷம் அப்படித்தான். காலையில் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடி இடித்துக்கொண்டு கொட்டும். பஸ்ஸில் முன்சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தார், மடித்த சாக்கை மடியில் வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு கெட்டி மழை" என்றார், கல்யாணத்துக்குப் போகிறவர் முகத்தோடு. "உங்க சரிவுக்கு இன்னைக்குத்தான் பரீட்சை."

நாங்கள் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. மேடு ஏறி கேட்டைத் திறந்தோம். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

முற்றம் முழுக்க வெறும் செம்மண். சரிவு, சமதளம் எல்லாம் பெருக்கிய தடம் வரிவரியாக. வாசலிலிருந்து சரிவின் ஓரம் வரைக்கும் பெரிய கோலம். அது என் கண்முன்னாலேயே கரைந்து சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளிகள் வருகிற வீட்டில் குப்பை கிடக்கலாகாது என்று அம்மா காலையிலிருந்து உட்கார்ந்து பட்டைகளை ஒன்று விடாமல் கூட்டி, சாக்குகளில் அள்ளி, குளியலறைக்குப் பின்னால் அடுக்கிவிட்டிருந்தாள். மதில் ஓரத்தில் செந்நீர் தேங்கத் தொடங்கியிருந்தது. கீழே சார் குடையோடு கிணற்றடியில் நின்று எங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "மாமி நல்லாப் பெருக்கியிருக்காங்க."

அவ்வளவுதான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். அம்மாவும் இரண்டு மாமிகளும் பட்டுப்புடவையில் வாசற்படியில் வந்து நின்றார்கள். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் பார்த்தது எங்களை அல்ல, மதில் மேல் ஏறி வருகிற அந்தக் கறுப்பு ஹோஸை.

"பட்டை எங்க வச்சிருக்கீங்க மாமி?"

"பின்னாடி. சாக்கிலே."

"இப்பக் கொட்டினா மெதந்து போயிரும். முன்னால தடுக்க ஏதாவது வேணும். பலகை உண்டா? நீளப் பலகை?"

பலகை இருந்தது. வீட்டில் இருந்த பலகை ஐந்தே ஐந்துதான். ஐந்தும் பொம்மைகளுக்குக் கீழே இருந்தன.

அம்மா உள்ளே கொலுவைத் திரும்பிப் பார்த்தாள். கூட நின்ற மாமி ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. "வைச்ச கொலுவை நடுவிலே கலைக்கப்படாது. ஆகாதுடி அது. நன்னாருக்கமாட்டே" என்றாள்.

அம்மா கொலு வைக்கத் தொடங்கியது ஏழு வயதில் என்று சொல்வாள். விஜயதசமிக்கு முன்னால் ஒரு பொம்மையை நகர்த்தி நான் பார்த்ததில்லை. தூசி தட்டக்கூடத் தொடமாட்டாள். அக்கா மறுபடி கேட்கவில்லை. சரிவில் மண்டியிட்டு, கைகளால் மண்ணை அணைகட்டிக்கொண்டிருந்தார். கட்டக் கட்ட அது கரைந்துகொண்டிருந்தது.

அம்மா உள்ளே போனாள். பொம்மைகளைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. செட்டியார் பொம்மை, அவர் மனைவி, பலசரக்கு, ஒவ்வொன்றாக. பிறகு ஒரு பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு இறங்கப் போனேன்.

"நில்லு. இன்னொண்ணும் எடுத்துண்டு போ" என்றாள். "ஒண்ணு எடுத்தா நாலுன்னா நிக்கும். ஒத்தைப்படையாத்தான் இருக்கணும்."

வீடே போகிற நேரத்திலும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு தப்பவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு சரிவுக்கு ஓடினேன்.

பலகைகளைச் சரிவின் குறுக்கே குத்துவாட்டில் நிறுத்தி, அக்கா முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டார். துணி காயப்போடும் கழியை உடைத்து முளைகளாக்கி, நான் அம்மிக் குழவியால் அடித்து இறக்கினேன். பலகைக்குப் பின்னால் மண் தேங்கி நின்றது. பிறகு பட்டை. ஒரு சாக்கை நான் இழுத்து வந்தேன். இன்னொன்றை இழுத்து வந்தது அம்மா. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து, காலையில் தான் பெருக்கி எடுத்ததையெல்லாம் தன் கையாலேயே திரும்பப் பரப்பினாள். அக்கா பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "பெரிசு மேல, சிறிசு கீழ. ஆமா மாமி, அப்பிடித்தான். செடிக்க கழுத்தப் பிடிக்காதீங்க." அம்மா எதிர்த்துப் பேசவில்லை. பெருக்கத் தெரிந்த கைக்குப் பரப்பவும் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் என்னைவிட வேகமாகப் பரப்பினாள்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு மழை விட்டது. சார் கிணற்றில் வாளியை இறக்கினார். மதில் ஓரத்தில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று பார்த்தோம். இழுத்த வாளியிலிருந்து ஒரு கை அள்ளி, வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதைக் குடித்தார்.

"குழப்பமில்ல மாமி" என்றார். "நாளைக்குக் காலைல மோட்டார் போடறேன்."

அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் சிவப்பு.

உள்ளே வந்ததும் அக்காவுக்குத் துவட்டத் துண்டு கொடுத்து, ஒரு தட்டு நிறையச் சுண்டல் கொண்டுவந்தாள். அவர் கையை நீட்டவில்லை. முதல் தடவையாக அவரிடம் ஒரு கூச்சத்தைப் பார்த்தேன்.

"மாமி தப்பா நினைக்கப்படாது. நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. படைச்சது நான் தின்னமாட்டேன். காப்பி தாருங்க, போதும்."

காப்பி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போன பிறகும் அம்மா அந்தச் சுண்டல் தட்டோடு சமையலறையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் கொடுப்பதற்கு அவளிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அவரைக் குப்பைக்காரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவ" என்பாள். எங்கள் வீட்டில் "அவ" என்றால் ஒருத்திதான். துடைப்பம் பாய் அளவுக்குள் அடங்கியது. அந்த இரண்டு பலகைகளையும் திரும்ப எடுக்க அம்மா விடவில்லை. மண்ணில் வைத்ததை அம்பாள் முன் வைக்கக் கூடாது என்றாள். புதுப் பலகை வாங்கவும் விடவில்லை. மூன்று படிதான் அப்புறம் எப்போதும். கொலு பார்க்க வருகிறவர்கள் ஏன் குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டால், "மத்த ரெண்டு படி வெளிலே இருக்கு, போறப்போ பாத்துட்டுப் போங்கோ" என்பாள்.

அடுத்த வருஷ நவராத்திரியில் ஒரு நாள் பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். வானத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, வாணலியிலிருந்து முதல் கரண்டியை அதில் போட்டு மூடி, மேடையின் ஓரத்தில் தள்ளி வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காதவள் அவள்.

"அம்மா, இன்னும் நைவேத்யம் ஆகலையே."

"தெரியும்."

"அப்போ?"

"இது வெந்தது எந்தத் தண்ணிலேடி?" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "அம்பாளுக்குத் தெரியும். கோச்சுக்கமாட்டா."

அக்கா வந்தார், தரையைப் பார்த்தார், ஈரத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அம்மா கிண்ணத்தை நீட்டினாள். "இது படைக்காததாக்கும்" என்றாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். படைக்கும் முன்னால் எடுப்பது எங்கள் வீட்டில் என்னவென்று அவருக்கும் தெரியும். அக்ரஹாரத்து வீடுகளிலும் அவர் வேலை செய்தவர். வாங்கி, நின்றபடியே கடைசிக் கடலை வரைக்கும் தின்றார். இன்னும் உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் அதிகம் பார்த்ததில்லை.

பல வருஷம் அப்படி நடந்தது. பிறகு அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. கடைசியாக வந்தது ஒரு நவராத்திரியில், கணவரின் பெட்டி ஆட்டோவில். நல்ல மழை. அவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் இறங்கினார். குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் முற்றத்தைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, திரும்பிப் போய் வண்டி ஜன்னலில் ஏதோ சொன்னார். அக்கா என்னவோ கேட்டார். கணவர் மறுபடியும் வந்து, பலகைகள் இருந்த இடத்தைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். பலகைகள் அதற்குள் மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தன. அந்த இடத்தில் சரிவே ஒரு படியாக நின்றுவிட்டது. நான் சுண்டலை வண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா தன் கொங்காணிச் சாக்கை என் கையில் கொடுத்தார். "இது இங்க கெடக்கட்டு. நான் வரும்போ போட்டுக்கிடுறேன்" என்றார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்று பட்டை வியாபாரம் செய்கிற ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. சாக்கு குளியலறை ஆணியில் தொங்கியது.

அடுத்த நவராத்திரியில் மழை பிடித்தபோது அம்மா வழக்கம்போலக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் திறக்கவில்லை. மழை வலுத்தது.

"போய்ப் பாத்துட்டு வா" என்றாள் என்னிடம்.

"எதை?"

"மண்ணைத்தான். யாராவது பாக்கணும் இல்லையா?"

நான் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். முற்றத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மழைத்துளிகள் பட்டைகளின் மேல் விழுந்து, உடைந்து, சத்தமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. மதில் ஓரத்தில் கசிந்த தண்ணீர் நிறமில்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் அக்கா ஏன் அந்தக் கல்யாண முகத்தோடு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது. மனசு நிறைந்துபோயிருந்தது. கீழே சார் ஜன்னலைத் திறந்து, யாரென்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

நனைந்து நடுங்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றேன். "ஒண்ணும் போகலைம்மா. எல்லாம் அப்படியே இருக்கு" என்றேன்.

அம்மா துண்டைக் கொடுத்தாள். பிறகு படைக்காத அந்தக் கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்து என் கையில் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள். "பாத்தவாளுக்குத்தான் இது."